மிஸ்ரா: ஏசாயாவின் அரிய ஆட்சிச்சொல்

எபிரேய வேதாகமத்தில் ஆட்சியைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'ம-ல-க்' என்னும் வேரிலிருந்து மட்டும் மம்லாகா, மெலூகா, மல்கூத் என மூன்று பெயர்ச்சொற்கள் பிறக்கின்றன. 'ம-ஷ-ல்' என்னும் வேர் மெம்ஷாலாவைத் தருகிறது. அரசன், அரியணை, நாடு என்று பேச்சு வரும் இடங்களிலெல்லாம் இச்சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. ஆனால் ஏசாயா நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில், ஒரு குழந்தை பிறந்துவிட்டதென்று களிக்கும் புகழ்பெற்ற பகுதியில், அக்குழந்தையின் தோள்மேல் வந்து அமர்வது இவற்றில் எதுவுமில்லை. அங்கே வருவது 'மிஸ்ரா'. (வட இந்தியக் குடும்பப் பெயரொன்றோடு ஒலி ஒத்திருப்பது தற்செயல், உறவு ஏதுமில்லை.) அடுத்த வசனத்தில் அது மீண்டும் ஒருமுறை வருகிறது. அதன்பின் எபிரேய வேதாகமம் முழுவதிலும் அச்சொல்லைக் காண முடியாது. எபிரேய எண்முறைப்படி இவை 5, 6ஆம் வசனங்கள். தமிழ் வேதாகமத்தில் 6, 7.

அடுத்தடுத்த இரண்டு வசனங்களில் மட்டும் வாழும் ஒரு சொல்லின் பொருளை எப்படி அறிவது? பல இடங்களில் வரும் சொல்லானால், இடங்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்துப் பொருளை வரையறுக்கலாம். அரிய சொல்லுக்கு அந்த வசதி இல்லை. வேர், உறவுச் சொற்கள், பழைய மொழிபெயர்ப்புகள், சொல் நிற்கும் கவிதையின் உள்ளமைப்பு ஆகியவற்றையே நம்ப வேண்டியிருக்கிறது. மிஸ்ராவின் விஷயத்தில் இவை ஒரே திசையைக் காட்டுவதில்லை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் இதை 'அரசாங்கம்' என்று பொருள்படும் சொல்லால் பெயர்த்தது. ஹாண்டல் 1741இல் இயற்றிய 'மெசாயா' இசைநாடகம் அப்பெயர்ப்பை உலகெங்கும் கொண்டுசென்றது. தமிழ்க் கிறிஸ்தவர் ஒவ்வொரு டிசம்பரிலும் 'கர்த்தத்துவம்' என்று கேட்கின்றனர். எபிரேயச் சொல் இவ்விரண்டில் எதையும் நேராகச் சொல்லவில்லை என்பதற்கு வலுவான சான்றுகள் அக்கவிதைக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் காலமும் களமும். கவிதைக்கு முன்னுரைபோல் நிற்கும் வசனம் செபுலோன், நப்தலி, கடற்கரை வழி, யோர்தானுக்கு அப்பால், கலிலேயா ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அசீரியப் பேரரசன் மூன்றாம் திகிலாத்பிலேசர் கி.மு. 733-732இல் வட இஸ்ரவேலிடமிருந்து பறித்துக்கொண்ட நிலப்பரப்போடு இப்பட்டியல் பொருந்துகிறது. தெற்கே யூதாவின் அரசன் ஆகாஸ், அதே பேரரசனுக்குத் திறை செலுத்தியவன். அசீரியக் கல்வெட்டிலேயே அவன் பெயர் திறை கொடுத்தோர் வரிசையில் இருக்கிறது. இக்கவிதை அக்காலத்தது என்பாரும் உண்டு. ஒரு நூற்றாண்டு கழித்து, அசீரியா தளர்ந்த யோசியாவின் காலத்தது என்று 1977இல் ஹெர்மன் பார்த் வாதிட்டதை ஏற்போரும் உண்டு. 'பிறப்பு' என்பது உண்மையில் முடிசூட்டு நாள் என்றும், குழந்தைக்குச் சூட்டப்படும் பெயர்கள் எகிப்திய மன்னர் அரியணை ஏறும்போது பெற்ற ஐந்து பெயர்களை ஒத்தவை என்றும் ஜெர்மானிய அறிஞர்களான கெர்ஹார்ட் ஃபொன் ராட் 1947இலும் ஆல்பிரெக்ட் ஆல்ட் 1950இலும் எழுதினர். எந்தக் காலக் கணக்கை ஏற்றாலும் ஒன்று மாறவில்லை: அசீரிய நுகத்தின் கீழ் குனிந்த தோள்களை அறிந்தவர்களுக்காக எழுதப்பட்ட வரிகள் இவை.

இனி வேர். மிஸ்ராவின் தொடக்கத்தில் உள்ள 'மி' ஒரு முன்னொட்டு. வினைவேரிலிருந்து பெயரை ஆக்குவது. மீதமுள்ள பகுதியைப் பார்த்ததும் எபிரேயம் கற்றவர் நினைவுக்கு வருவது 'ஸர்' என்னும் பெயர்ச்சொல். வேதாகமத்தில் 400 தடவைக்கு மேல் வரும் சொல் அது, பன்மை 'ஸாரீம்'. படைத்தலைவன், நகரத் தலைவன், அரண்மனை அதிகாரி, சிறைக் காவல் தலைவன், ஆயிரம் பேருக்குத் தலைவன், பத்துப் பேருக்குத் தலைவன் எல்லோரும் ஸர்களே. ஆக, மிஸ்ரா என்பது 'ஸர் ஆக இருக்கும் நிலை' என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும்.

இலக்கணம் சற்றுத் தடுக்கிறது. ஸர் என்பதோடு தொடர்புடைய வினை 'ஸ-ர-ர்'. கடைசி மெய் இரட்டித்த வேர். அத்தகைய வேர்களிலிருந்து மகர முன்னொட்டோடு பிறக்கும் பெண்பாற் பெயர்கள் பெரும்பாலும் மெஸில்லா (நெடுஞ்சாலை), மெகில்லா (சுருளேடு) என்ற வார்ப்பில் அமைகின்றன. மிஸ்ராவோ 'மிட்ஸ்வா' (கட்டளை) என்பதன் வார்ப்பில், அதாவது கடைசி மெய் வலுவற்ற வேர்களின் வார்ப்பில் இருக்கிறது. அவ்வாறானால் வேர் 'ஸ-ர-ஹ்' என்று ஆகும். அந்த வடிவில் எபிரேயத்தில் தெளிவாகக் கிடைக்கும் வினை 'போராடு, மல்லுக்கட்டு' என்று பொருள்படுவது. யாக்கோபு இரவெல்லாம் மல்லாடி 'இஸ்ரவேல்' என்னும் பெயர் பெற்ற கதையில் வருவது அதுவே.

அதனால் மிஸ்ராவுக்கு 'போராட்டம்' என்று பொருள் கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. இரட்டித்த வேரும் வலுவற்ற வேரும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பது எபிரேயத்தில் வழக்கம். 'மிகுதி' என்னும் பொருளில் ர-ப-ப், ர-ப-ஹ் என இரு வேர்களும் உண்டு. 'ரப்' (பெரிய, பல) என்ற பெயரடைக்குப் பக்கத்தில் 'மர்பே' (பெருக்கம்) நிற்கிறது. ரப்-மர்பே, ஸர்-மிஸ்ரா என்ற இணை தற்செயலாக இருக்கலாம். ஆனால் மிஸ்ரா இரண்டாம் முறை வரும் தொடரில் அதன் முன்னால் நிற்கும் சொல்லே இந்த 'மர்பே'தான். காதில் இவ்விரண்டும் சேர்ந்து ஒலிக்கும்படி கவிஞர் ஒரு புதுச்சொல்லை வார்த்திருக்கலாம் என்ற எண்ணம் எழாமல் இருப்பது கடினம். வழக்கில் கிடந்த நான்கைந்து ஆட்சிச்சொற்களை ஒதுக்கிவிட்டு இப்படியொன்றை எடுத்தவருக்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும்.

காரணம் அதே வசனத்தின் இறுதியில் இருக்கிறது. குழந்தைக்குச் சூட்டப்படும் பெயர்களில் கடைசிப் பெயர் 'ஸர்-ஷாலோம்'. அமைதியின் ஸர். அரசனைக் குறிக்கும் 'மெலெக்' என்ற சொல் குழந்தைக்கு அங்கே தரப்படவில்லை. தாவீதின் அரியணை அடுத்த வசனத்தில் பேசப்படுகிறது என்றாலும் அப்போதும் 'மெலெக்' வரவில்லை. வசனத்தின் நடுவில் மிஸ்ரா தோள்மேல் ஏறுகிறது, முடிவில் அதைச் சுமப்பவன் ஸர் என்று அழைக்கப்படுகிறான். அரிய சொல்லுக்கு அகராதியை வசனமே தன் மடியில் வைத்திருக்கிறது.

அப்படியானால் ஸர் என்பவன் நடைமுறையில் யார்? இதற்கு வேதாகமத்துக்கு வெளியே ஒரு சான்று உண்டு. 1960இல், இன்றைய இஸ்ரேலின் கடற்கரையில், யவ்னே-யாம் அருகே மெசாத் ஹஷவ்யாஹு என்ற சிறு கோட்டையை அகழ்ந்தபோது மையால் எழுதப்பட்ட ஓடொன்று கிடைத்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. எழுதியவர், அல்லது எழுத்தர் ஒருவரிடம் சொல்லி எழுதுவித்தவர், அறுவடைக் கூலியாள். தன் பங்குக் கதிரை அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்த பின்னும் ஹோஷயாஹு என்னும் மேற்பார்வையாளன் தன் மேலாடையைப் பறித்துக்கொண்டான், உடன் அறுத்தவர்கள் எல்லோரும் தனக்குச் சாட்சி சொல்வார்கள், ஆடையைத் திருப்பித் தரச் செய்ய வேண்டும் என்பது முறையீடு. அது யாரை நோக்கி எழுதப்பட்டது? 'என் ஆண்டவனாகிய ஸர்' என்று விளிக்கப்படும் அதிகாரியை நோக்கி. கூலியாளின் ஒற்றை ஆடையைப் பற்றிய வழக்கைக் கேட்க வேண்டியவன் ஸர். அடகாக வாங்கிய ஆடையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் யாத்திராகமச் சட்டம் இந்த ஓட்டின் பின்னணியில் கேட்கிறது. எருசலேமில் கிடைத்த களிமண் முத்திரை ஒன்று 'நகரத்தின் ஸர்' என்ற பதவிப் பெயரை மட்டும் தாங்கி நிற்கிறது. பதவியில் இருந்த ஆளின் பெயர் அதில் இல்லை. பேர் போய்ப் பதவி நின்ற கதை.

ஏசாயா நூலும் ஸாரீம்களை விடுவதில்லை. முதல் அதிகாரத்திலேயே எருசலேமின் ஸாரீம் கள்வரின் தோழர்கள், கையூட்டை நாடுபவர்கள், அநாதையின் வழக்கைக் கேளாதவர்கள், விதவையின் முறையீட்டைத் தங்களிடம் வரவிடாதவர்கள் என்று ஏசப்படுகின்றனர். 'ஸாரீம்' என்பதை 'ஸோரெரீம்' (அடங்காதவர்கள்) என்பதோடு மோதவிட்டு அங்கே ஒரு சொல்விளையாட்டும் உண்டு. மூன்றாம் அதிகாரத்தில் சாபமாகச் சொல்லப்படுவது இன்னும் கவனத்துக்குரியது: சிறுவர்கள் உங்களுக்கு ஸாரீமாக வைக்கப்படுவார்கள் என்பது அது. ஆறு அதிகாரம் தள்ளி ஒரு சிறுவன் பிறக்கிறான், அவன் தோள்மேல் ஸர்-பதவி ஏறுகிறது, அது நற்செய்தியாக அறிவிக்கப்படுகிறது. சாபமும் வாழ்த்தும் ஒரே சொற்குடும்பத்தில் அமைந்திருப்பதை நூலைத் தொகுத்தவர்கள் கவனியாமல் விட்டிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை.

இங்கே அசீரியா மீண்டும் நுழைகிறது. அக்காதிய மொழியில் 'அரசன்' என்பதற்கான சொல் 'ஷர்ரு'. எபிரேய ஸர் என்பதன் உடன்பிறப்பு அது. ஆனால் எபிரேயத்தில் அதிகாரியாகச் சுருங்கிய சொல், மெசொப்பொத்தாமியாவில் அரசனாகவே உயர்ந்து நின்றது. அசீரியர்கள் தங்கள் 'ஷ'வை உச்சரித்த விதம் பாலஸ்தீனத்துச் செவிகளுக்கு 'ஸ' போல் கேட்டது என்பதற்கு ஏசாயா நூலிலேயே சாட்சி இருக்கிறது: 'ஷர்ரு' என்று தொடங்கும் பெயருடைய பேரரசன் அங்கே 'ஸர்கோன்' என்றே எழுதப்பட்டிருக்கிறான். பத்தாம் அதிகாரத்தில் அசீரிய அரசன் தற்பெருமை பேசும்போது, தன் ஸாரீம் ஒவ்வொருவரும் அரசர்கள் அல்லவா என்று கேட்கிறான். எபிரேயம் மட்டும் அறிந்தவருக்கு அது வெறும் இறுமாப்பு. இரு மொழியும் காதில் விழுந்தவருக்கு அது சிலேடை: உங்கள் மொழியில் அதிகாரி எனப்படுபவன் எங்கள் மொழியில் அரசன். வெற்றி பெற்றவனின் மொழியும் தோற்றவனின் மொழியும் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு உயரம் கொடுக்கும் நிலை, காலனி ஆட்சியைக் கண்ட நாட்டவருக்குப் புரியாத ஒன்றல்ல. அந்தச் சூழலில் யூதாவின் எதிர்கால ஆட்சியாளனுக்கு 'ஸர்' என்று பெயர் வைப்பதும் அவன் பொறுப்பை 'மிஸ்ரா' என்று அழைப்பதும் பணிவா, எதிர்ப்பா? ஆறாம் அதிகாரத்தில் தீர்க்கர் 'மெலெக்' என்று கண்டது சேனைகளின் கடவுளை. மண்ணில் ஆள்பவன் அவருடைய ஸர் மட்டுமே என்றால், அசீரியன் மட்டும் எப்படி மெலெக் ஆவான்? பணிவான சொல்லே இங்கே கூர்மையான சொல் என்று தோன்றுகிறது.

ஒலியொப்புமையில் மயங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. இந்தியர் நன்கறிந்த 'சர்க்கார்' என்பதில் உள்ள பாரசீக 'சர்' தலையைக் குறிப்பது. சமஸ்கிருத 'சிரஸ்' அதன் உறவு. ருசிய 'ட்ஸார்' ரோமானிய 'சீசர்' என்பதன் சிதைவு. இரண்டுக்கும் எபிரேய ஸர் உறவினன் அல்லன்.

சொல்லின் பொருளை வேர் பாதி சொல்கிறது என்றால், மீதியை அது அமரும் இடம் சொல்கிறது. 'அவன் தோள்மேல்' என்பதற்கு எபிரேயம் 'அல் ஷிக்மோ'. இரண்டு வசனம் முன்னால், மக்கள் சுமந்த நுகமும் அவர்கள் தோளின் கோலும் முறிக்கப்பட்டன என்று வருகிறது. அங்கே உள்ள 'தோள்' இதே 'ஷிக்மோ'. அசீரியக் கல்வெட்டுகளில் வென்ற நாட்டின்மேல் அஷூர் தெய்வத்தின் நுகத்தைச் சுமத்தினேன் என்பது பேரரசர்களின் வாய்ப்பாடு. கவிதை அந்த வாய்ப்பாட்டை எடுத்துத் திருப்பிப் போடுகிறது. மக்களின் தோளிலிருந்து ஒரு சுமை இறங்குகிறது. குழந்தையின் தோளில் ஒரு சுமை ஏறுகிறது. இடையில் இரத்தம் தோய்ந்த உடைகளும் போர்க் காலணிகளும் எரிகின்றன. இந்த வரிசையில் மிஸ்ராவை 'ஆளும் உரிமை' என்று வாசிப்பதைவிட 'சுமக்க வேண்டிய பதவி' என்று வாசிப்பதே இயல்பு.

இதே தொடர் ஏசாயா நூலில் இன்னோர் இடத்திலும் உண்டு. இருபத்திரண்டாம் அதிகாரத்தில் அரண்மனை மேலாளன் செப்னா பதவி நீக்கப்பட்டு எலியாக்கீம் அமர்த்தப்படுகிறான். மேலங்கியும் கச்சையும் தரப்பட்ட பின், தாவீதின் வீட்டுச் சாவி 'அவன் தோள்மேல்' வைக்கப்படுகிறது. எலியாக்கீம் அரசனல்லன், 'வீட்டின் மேலுள்ளவன்' என்னும் பதவி வகிப்பவன். அதே பதவிப் பெயர் பொறித்த கல்லறை வாசகம் ஒன்று எருசலேமை அடுத்த சில்வான் கிராமத்தில் 1870இல் கண்டெடுக்கப்பட்டு, 1953இல் நாமான் அவிகாத் அதை வாசித்தார். ஏசாயாவின் மொழியில் தோள், பதவிப் பொறுப்பு வந்து தங்கும் இடம். முடி தலையிலும் செங்கோல் கையிலும் இருக்கையில், பொறுப்பு தோளில் இருக்கிறது.

இரண்டாம் மிஸ்ராவின் முன்னால் நிற்கும் 'லெமர்பே' என்ற சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. எபிரேய எழுத்தில் மகரத்துக்கு இரு வடிவங்கள்: சொல்லின் முதலிலும் நடுவிலும் திறந்த வடிவம், இறுதியில் மூடிய வடிவம். இச்சொல்லில் மட்டும், நடுவில், மூடிய மகரம் எழுதப்பட்டு, இன்றுவரை அப்படியே அச்சிடப்படுகிறது. தல்மூதில் சன்ஹெத்ரின் பகுதியில் இதற்கு பார் கப்பாரா சொல்லும் விளக்கம் இருக்கிறது: கடவுள் எசேக்கியாவை மெசியாவாகவும் சனகெரிப்பைக் கோகு-மாகோகாகவும் ஆக்க எண்ணினார், ஆனால் நீதியின் பண்பு எழுந்து, தாவீது எத்தனை பாடல் பாடினான், அவனையே மெசியாவாக்கவில்லை, இத்தனை அற்புதங்களைக் கண்டும் ஒரு பாடலும் பாடாத எசேக்கியாவை ஆக்குவதா என்று தடுத்தது, அதனால் அது மூடப்பட்டது. பாட்டுப் பாடாததற்காக மெசியா பதவி கைநழுவிய அரசனின் நினைவு ஓர் எழுத்தின் வளைவில் உறைந்துவிட்டது.

பாடத் திறனாய்வாளர்கள் வேறு காரணம் சொல்கின்றனர். முந்தைய வசனம் 'ஷாலோம்' என்று முடிகிறது. அதன் கடைசி எழுத்துகளைப் படியெடுத்தவர் கவனக்குறைவால் மீண்டும் ஒருமுறை எழுதிவிட்டார். அவை அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டன. மூடிய மகரம் அந்தத் தவறின் தழும்பு. அந்த இரண்டு எழுத்துகளை நீக்கினால் எஞ்சுவது 'ரப்பா ஹம்மிஸ்ரா': பெரிது அந்த மிஸ்ரா. கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்கப் பெயர்ப்பான செப்துவஜிந்து இவ்விடத்தில் 'பெரிது' என்றே பெயர்த்திருப்பது இவ்விளக்கத்துக்குத் துணை. இவ்விளக்கமே வலுவானது, தல்மூதின் விளக்கம்தான் நினைவில் நிற்பது.

மொழிபெயர்ப்புகளுக்கு வருவோம். செப்துவஜிந்து இரு இடத்திலும் 'ஆர்கே' என்றது. தொடக்கம், தலைமை, ஆட்சிப்பதவி என மூன்றும் அச்சொல்லில் அடங்கும். ஜெரோம் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எபிரேயத்திலிருந்து நேரே இலத்தீனுக்குப் பெயர்த்தபோது முதல் மிஸ்ராவை 'பிரின்கிபாத்துஸ்' என்றார், ஸர்-ஷாலோமை 'பிரின்கெப்ஸ் பாகிஸ்' என்றார். எபிரேயத்தின் உள்ளெதிரொலி இலத்தீனில் உயிர்பிழைத்தது. ஆனால் அடுத்த வசனத்தின் மிஸ்ராவை 'இம்பெரியும்' ஆக்கிவிட்டார். ஒரே சொல், ஒரு வசன இடைவெளியில், பதவியிலிருந்து பேரரசாக வளர்ந்தது. ரோமில் வாழ்ந்தவருக்கு அப்படித்தான் வரும் போலும். விக்லிஃபின் ஆங்கிலம் இலத்தீனைப் பின்பற்றியதால் எதிரொலியைத் தக்கவைத்தது. 1535இல் கவர்டேல் 'இராஜ்யம்' என்றார். 1560இன் ஜெனீவா வேதாகமமும் 1611இன் வேதாகமமும் 'அரசாங்கம்' என்ற சொல்லில் நிலைத்தபோது ஸரோடு இருந்த உறவு அறுந்தது.

அரமேயத் தார்கூம் முற்றிலும் வேறு வழியில் சென்றது. குழந்தை தோராவைக் காக்கும்படி தன்மேல் ஏற்றுக்கொண்டான் என்று அது விரித்தது. விபரீதமான பெயர்ப்புப் போல் தெரியும். ஆனால் தோளில் ஏறுவது சுமை என்பதை மறவாத பெயர்ப்பு அதுவே. தோராவின் நுகத்தை ஏற்பவனிடமிருந்து அரசின் நுகம் எடுக்கப்படும் என்று மிஷ்னாவின் 'ஆவோத்' பகுதி சொல்லும் மரபோடு இது ஒட்டி வருகிறது. குழந்தையை எசேக்கியா எனக் கொண்ட ராஷியும் பதினோராம் நூற்றாண்டில் மிஸ்ராவைக் கடவுளின் நுகத்தோடு சேர்த்தே விளக்கினார். கிறிஸ்தவத் தந்தையரும் சுமையைக் கண்டனர், வேறு விதமாக: எந்த அரசன் ஆட்சியின் அடையாளத்தைத் தலையில் முடியாகவோ கையில் கோலாகவோ கொள்ளாமல் தோளில் சுமக்கிறான் என்று கேட்ட தெர்த்துல்லியன், அது சிலுவையே என்றார். அவருக்கு முன் ஜஸ்டினும் அவ்வாறே கூறியிருந்தார். மூலத்தில் அப்பொருள் இல்லை. ஆனாலும் 'ஏன் தோள்' என்ற கேள்வி சரியான கேள்வி.

தமிழில் நடந்தது தனிக்கதை. பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கும் பணியை சீகன்பால்கு தொடங்கினார், சூல்ட்சே முடித்தார், பப்ரீசியுஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் புதிதாகச் செய்தார், ஹென்றி பவர் தலைமையிலான குழு பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருத்தியமைத்தது. இன்று சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கும் அப்பெயர்ப்பில் மிஸ்ரா, 'கர்த்தத்துவம்'. அரிய எபிரேயச் சொல்லுக்கு அரிய தமிழ்ச் சொல் வாய்த்தது பொருத்தம்தான். ஆனால் அச்சொல்லின் உள்ளே இருப்பவர் யார்? வடமொழியில் 'கர்த்ரு' செய்பவன். 'கர்த்ருத்வம்' செய்பவனாம் தன்மை. தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் 'கர்த்தர்' கடவுளின் திருப்பெயருக்கு நிற்கும் சொல். ஆகவே கர்த்தத்துவம் என்றதும் கேட்பவர் உள்ளத்தில் எழுவது அதிகாரியின் பொறுப்பு அன்று, ஆண்டவருக்குரிய ஆண்டவத்தன்மை. எபிரேயம் கவனமாகத் தவிர்த்த உயரத்துக்குத் தமிழ் ஒரே எட்டில் ஏறிவிட்டது.

இதே தமிழ் வேதாகமத்தின் கொலோசெயர் நிருபத்தில் வானுலக அதிகாரங்களின் பட்டியல் ஒன்று வருகிறது. அங்கே கிரேக்கத்தில் 'கூரியோத்தேஸ்' (ஆண்டவத்தன்மை) இருக்குமிடத்தில் கர்த்தத்துவமும், 'ஆர்கே' இருக்குமிடத்தில் 'துரைத்தன'மும் நிற்கின்றன. செப்துவஜிந்தின் வழியே போயிருந்தால் ஏசாயாவின் மிஸ்ரா 'துரைத்தனம்' ஆகியிருக்க வேண்டும்! கம்பெனி அரசாங்கத்தையே துரைத்தனம் என்று தமிழர் சொன்ன காலம் அது. பொருளளவில் ஸர்-பதவிக்கு அதைவிட நெருங்கிய சொல் தமிழில் அன்று இருந்ததா என்பது ஐயமே. ஆனால் கலெக்டர் துரையின் சாயலைக் குழந்தை இயேசுவின் தோளில் ஏற்ற எந்தப் பெயர்ப்பாளரும் துணிந்திருக்க மாட்டார். கர்த்தத்துவத்தின் மூலம் வேறிடத்தில் இருக்கலாம். லூத்தரின் ஜெர்மன் வேதாகமம் மிஸ்ராவையும் கொலோசெயரின் கூரியோத்தேஸையும் ஒரே சொல்லால், 'ஹெர்ஷாஃப்ட்' என்று பெயர்த்தது. அச்சொல் 'ஹெர்' (ஆண்டவர்) என்பதன் வழியாகவே கேட்கப்படுவது. கர்த்தத்துவமும் அதே வார்ப்பில் 'கர்த்தர்' என்பதன்மேல் நிற்கிறது. தரங்கம்பாடி மரபின் பெயர்ப்பாளர்கள் லூத்தரோடு வளர்ந்த ஜெர்மானியர்கள். தமிழ்ச் சொல்லின் உருவத்தில் எபிரேயத்தைவிட ஜெர்மன் அதிகம் தெரிகிறது என்று கருத இடமுண்டு.

எதிரொலியைக் காக்கும் வழி ஒன்று தமிழில் இல்லாமல் இல்லை. ஸர்-ஷாலோமுக்கு அப்பெயர்ப்பு 'சமாதானப்பிரபு' என்கிறது. ஏசாயாவின் முதல் அதிகாரத்து ஸாரீம்களும் அங்கே பிரபுக்களே. அக்கணக்கில் மிஸ்ரா 'பிரபுத்துவம்' ஆகும். இருபதாம் நூற்றாண்டின் தமிழ் அரசியல் மொழியை நினைத்தால், அப்படி நேராமல் போனது நல்லதுதான். நிலப்பிரபுத்துவம் குழந்தையின் தோளில் ஏறியிருக்கும். இன்னொன்று: எபிரேய வினை, மிஸ்ரா ஏறிவிட்டது என்று நடந்ததாகச் சொல்கிறது, கிரேக்கமும் இலத்தீனும் இறந்த காலத்தைக் காத்தன, 1611இன் ஆங்கிலமும் தமிழும் எதிர்காலம் ஆக்கின. 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொதுமொழிபெயர்ப்பு காலத்தை மாற்றவில்லை என்றாலும் சொல்லை மாற்றியது. அங்கே மிஸ்ரா, 'ஆட்சிப்பொறுப்பு'. அந்தப் 'பொறுப்பு' என்ற இணைப்பில் தோளின் பாரம் மீண்டும் உணரப்படுகிறது. 'பொறு' என்னும் வினைக்குத் தாங்குதல் என்ற பொருள் தமிழில் பழமையானது. வேரைத் தேடிப் போய் எடுத்த முடிவோ, இயல்பான தமிழ் தந்த கொடையோ, இதுவரை வந்த தமிழ்ச் சொற்களில் மூலத்துக்கு மிக அருகில் நிற்பது இதுவே.

மிஸ்ராவின் பிற்கால வாழ்க்கை அதன் தாய்மொழியிலேயே விசித்திரமாக அமைந்தது. எபிரேயம் மீண்டும் பேச்சுமொழியானபோது பழைய சொற்களுக்குப் புதுவேலை தரப்பட்டது. இன்றைய இஸ்ரேலில் அரசாங்கத்துக்குப் பெயர் மெம்ஷாலா. ஏசாயா எலியாக்கீமின் அதிகாரத்துக்குப் பயன்படுத்திய சொல். அமைச்சருக்குப் பெயர் ஸர். மிஸ்ரா மட்டும் ஆட்சியை விட்டே வெளியேறியது. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ஆசிரியர், கணக்காளர், செவிலியர் பணியிடம் ஒவ்வொன்றும் இன்று ஒரு மிஸ்ரா. முழுநேர வேலை 'மிஸ்ரா மெலேயா', நிறைந்த மிஸ்ரா. பாதிநேர வேலை 'ஹட்ஸி மிஸ்ரா', அரை மிஸ்ரா.